இடது கைக்கு ஒரு டிவி

"அட்டப்பெட்டியப் பிரிங்க மொதலாளி. டிஷ் வயர நேரா டிவியிலயே பூட்டிக் காட்டுங்க. நடுவுல பொக்ஸ் வேணாம்."

கேட்டுவிட்டேன். இதை மட்டும் கேட்காதே என்று, கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த ஜெறோம் அண்ணன் மூன்று முறை சொல்லியிருந்தான். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும்போது ஒரு முறை, பஸ்ஸில் ஒரு முறை, றக்வான பஜாரில் கடைக்குள் நுழையும்போது கையைப் பிடித்து இழுத்து இன்னொரு முறை. "தங்கையா மொதலாளி அப்பா காலத்துல இருந்து தெரிஞ்ச ஆளு. பிரிச்சுக் காட்டுன்னு கேட்டா அவர நம்பலன்னு அர்த்தம். நீ வாயத் தொறக்காம நில்லு. நான் பேசுறேன்."

அவன் பேசினான். கால் மணி நேரம் பேசினான். மொதலாளியின் சீனி வியாதி, மொதலாளி மகளின் கல்யாணம், மொதலாளி குடும்பத்தோடு கதிர்காமம் போய் வந்தது, எல்லாவற்றையும் விசாரித்து முடித்து, சுவரோடு சாய்த்து வைத்திருந்த நாற்பத்து மூன்று அங்குலப் பெட்டியைக் கையால் தடவி, "இதையே போடுங்க" என்றான். பெட்டியின் முகப்பில் டிஜிட்டல் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. உள்ளே என்ன டியூனர் இருக்கிறது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பக்கத்தில், சரியாக அந்த வரிகளின் மேலே, கடையின் விலைச்சீட்டை ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. அப்போதுதான் கேட்டேன்.

மொதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படவில்லை, சிரித்தார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கெம்பஸ் முடிச்ச புள்ளயில்ல? பரீட்ச வைக்காம விடுமா?"

"பரீட்ச இல்ல மொதலாளி. பாக்கணும், அவ்வளவுதான்."

"ஜெறோமு, ஒங்கப்பா அல்பிரட் இந்தக் கடையில ரேடியோ எடுத்தாரு, தையல் மிசின் எடுத்தாரு, மொத மொதல்ல ஒங்க லயத்துக்கு டிவி எடுத்தவரும் அவருதான். ஒரு நாளாவது பிரிச்சுக் காட்டுன்னு கேட்டாரா?"

"கேக்கல மொதலாளி," என்றான் அண்ணன், என்னை முறைத்துக்கொண்டே.

"அந்த ரேடியோ ரெண்டு மாசந்தான் பாடுச்சு," என்றேன்.

எங்கள் தோட்டத்தில் யாரும் கடையில் வைத்துப் பெட்டியைப் பிரிக்க மாட்டார்கள். அது ஒரு சட்டம் மாதிரி. புதுப்பெட்டி பஸ்ஸில் தனி ஆசனத்தில் வரும். ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் இரண்டு பேர் பிள்ளை தூக்குவதுபோல் தூக்கி வருவார்கள். எட்டுக் காம்பரா வீடும் வாசல் இஸ்தோப்புக்கு வந்து நின்று பார்க்கும். சேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் பெட்டியை வைத்து, மெழுகுதிரி ஏற்றி, ஒரு பரலோக மந்திரம் சொல்லி, அதற்குப் பிறகுதான் பிளேடு போடுவார்கள். தாங்கள் என்ன வாங்கியிருக்கிறோம் என்று வீட்டுக்காரருக்கு அந்த நிமிடத்தில்தான் தெரியவரும். தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்கிற கடை இந்தப் பக்கம் கிடையாது.

பக்கத்து லயத்து மேர்சி அக்கா வீட்டில் அப்படித்தான் நடந்தது. பெட்டியில் டிஜிட்டல் என்று போட்டிருந்தது, வாங்கினார்கள், செபம் சொன்னார்கள், பிரித்தார்கள். டிஷ் வயரைப் பூட்ட டிவியில் இடமே இல்லை, தனியாக பொக்ஸ் வாங்கக் காசும் இல்லை. இப்போது பென் டிரைவில் மேர்சி அக்கா தங்கச்சியின் கல்யாண வீடியோ மட்டும் ஓடுகிறது. மூன்று வருடமாக ஒரே கல்யாணம். மாப்பிள்ளை போன வருடம் விட்டுவிட்டுப் போய்விட்டான், வீடியோவில் இன்னும் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இந்த மரியாதை வேண்டாம். நான் வாங்க வந்தது அம்மாவுக்கு.

அம்மாவின் பெயர் மரியாயி. இரண்டு வருடத்துக்கு முன், கொழுந்துக் கூடையோடு மலையிலேயே விழுந்தாள். பாரிசவாதம். வலது கை, வலது கால், வாயில் பாதி போய்விட்டது. நான் பெலிகுல்ஓயா கெம்பஸில் கடைசிப் பரீட்சை எழுதி முடித்து வீட்டுக்கு வந்த மாதம் அது. பட்டம் வாங்கிய கையோடு சட்டி எடுத்தேன். அம்மாவின் மூத்திரச் சட்டி. சட்டி எடுத்ததைப் பெருமைக்கோ பரிதாபத்துக்கோ சொல்லவில்லை. எங்கள் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று கேட்டால், அதுதான் பதில்.

அம்மாவுக்கு மிச்சமிருப்பது டிவி. அதுவும் அவள் டிவி இல்லை. எங்கள் லயக் கூரைக்கு மேல் ஒரே ஒரு டிஷ். முதல் காம்பரா சாள்ஸ் மாமாவுடையது. சனல் மாற்றுகிற பொக்ஸும் அவர் வீட்டில். அந்த பொக்ஸிலிருந்து வயர் இழுத்து, முகட்டு வழியாக எட்டுக் காம்பராவுக்கும் ஓடவிட்டிருக்கிறார்கள். எட்டு வீட்டில் எட்டு டிவி, ஆனால் சாள்ஸ் மாமா எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் எட்டும் காட்டும். அவர் செய்தி பார்த்தால் எட்டு வீட்டுக்கும் செய்தி. அவர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனால் விடியவிடிய எட்டு வீட்டுக்கும் இடுப்பு வலித் தைல விளம்பரம். வேறு ஏதாவது வேண்டுமென்றால் சுவரைத் தட்டி, "மாமா, மாத்துங்க!" என்று கத்த வேண்டும். அம்மாவால் கத்த முடியாது.

பகல் இரண்டு மணிக்கு ஒரு நிகழ்ச்சி வரும். புருசன் பெண்சாதி, அண்ணன் தம்பி, மாமியார் மருமகள் எல்லோரும் வந்து கமராவுக்கு முன்னால் அடித்துக்கொள்வார்கள், நடுவில் ஒரு அம்மா உட்கார்ந்து பஞ்சாயத்துச் செய்வார். அம்மாவுக்கு அது உயிர். பாதி வாயால் அவள் தெளிவாகப் பேசுவது அப்போது மட்டும்தான். "செருப்பால அடி அவன" என்பாள். "பொய் சொல்றா, மூஞ்சியப் பாரு" என்பாள். ஆனால் இரண்டு மணிக்குச் சாள்ஸ் மாமா வீட்டில் இருந்தால் கிரிக்கெட் போட்டுவிடுவார். ஆகவே அம்மா கிரிக்கெட் பார்ப்பாள். வாழ்க்கையில் ஒரு பந்தைத் தொட்டுப் பாராத பொம்பிளை, கால்காப்பில் பட்டால் அவுட்டா இல்லையா என்று எனக்கு இப்போது சொல்லித்தருகிறாள்.

போன மாதம் சாள்ஸ் மாமா மகளைப் பார்க்க யட்டியாந்தோட்டைக்குப் போனார். கதவைப் பூட்டிவிட்டுப் போனார். பொக்ஸ் உள்ளே. மூன்று வாரம் எட்டு டிவியும் இருட்டு. அவர் திரும்பி வந்த அன்றைக்கே பெரிய இடி ஒன்று விழுந்து எங்கள் பழைய டிவியும் கருகிப்போனது. அன்றிலிருந்து அம்மா ஒன்றுமில்லாத அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் அழுகிறாள்.

அண்ணனுக்கு இவ்வளவும் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது.

திங்கட்கிழமை நான் கொழும்புக்குப் போகிறேன். மருதானையில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம், சிங்களத்திலிருந்து தமிழுக்கு. கொட்டாஞ்சேனையில் நாலு பேர் தங்கும் ஓர் அறையில் ஒரு கட்டில். கீழ் லயத்து சீதாலட்சுமி அக்கா வேலையிலிருந்து நின்றவர், காலையிலும் மத்தியானமும் பின்னேரமும் வந்து அம்மாவைக் கழுவி, சாப்பாடு கொடுத்து, திருப்பிப் படுக்க வைப்பதற்குப் பேசியாகிவிட்டது. இரவில் மேர்சி அக்காவின் பெரியவள் வந்து படுப்பாள். நடுவில் இருக்கிற மணித்தியாலங்களுக்கு ஆள் இல்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு, ஒன்றிலிருந்து ஐந்து.

புதன்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். போகாதே என்பாள் என்று நினைத்து, அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப எனக்கு யாரு டிவி போட்டுக் குடுக்கிறது?"

அவ்வளவுதான் கேட்டாள்.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் டிவி வாங்க வரமாட்டான். அது நேர்மையில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகவே எனக்கு வேண்டியது அழகான டிவி இல்லை. ஒரே ரிமோட்டில், இடது கையால் இயங்குகிற டிவி. பொக்ஸ் வைத்தால் இரண்டு ரிமோட் வரும். ஒன்றில் டிவியைப் போட்டு, மற்றதில் பொக்ஸைப் போட்டு, எதை முதலில் அழுத்தினோம் என்று மறந்து, கண்ணுக்கு முன்னால் நீலத்திரை நிற்கும். மாதக் காசுக்குப் போடுகிற கார்ட் முடிந்தால் ஒருத்தர் போட வேண்டும். இரண்டு வாரம் ரோட்டுக் கல்லின் மேல், சிக்னல் வருகிற ஒரே இடத்தில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தேன். அன்டனா வழியாக வரப்போகும் டிஜிட்டல் எங்கள் மலைக்கு எப்போது வரும், எந்த முறையில் வரும் என்று நான் கேட்ட ஒருத்தருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அதை நம்பி அம்மாவைப் படுக்க வைக்க முடியாது. டிஷ் வழியாக இலவசமாக வருகிற சனல்கள் இப்போதே வருகின்றன, எங்கள் காம்பராவுக்கென்று தனியாக ஒரு சின்ன டிஷ் போட்டால் போதும். அதைப் பிடிக்கிற டியூனர் டிவிக்குள்ளேயே இருந்தால், பின்பக்கம் இரண்டு வாய் இருக்கும். அன்டனாவுக்கு ஒன்று. டிஷ்ஷுக்கு, திருகிப் பூட்டுகிற மாதிரி மரை வைத்தது, இன்னொன்று. அந்த இரண்டாவது வாயைப் பார்க்கத்தான் பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன்.

மொதலாளி மாடிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஆஸிக்! கீழ வாங்க. ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா வந்திருக்காங்க."

ஆஸிக் நானா கடையின் மெக்கானிக். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நரைத்த தாடி, சட்டைப் பையில் டெஸ்டர். இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தக் கூரையில் டிஷ் இருந்தாலும் அவர் ஏறியிருப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பிளேடை எடுத்தார்.

"நானா, வேணாம், அவ சும்மா..." என்றான் அண்ணன்.

"பிரிங்க நானா," என்றேன்.

டேப் கிழிகிற சத்தத்துக்கு அண்ணன் முகம் சுருங்கியது. எங்கள் வீட்டுப் படத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய சத்தம். ஆஸிக் நானா டிவியை ஒரு போர்வையின் மேல் முகங்குப்புறப் படுக்க வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அன்டனாவுக்கு ஒரு வாய், வழுவழுவென்று. மரை வைத்தது இல்லை.

"இதுல டிஷ் வயர் ஏறாது," என்றேன்.

"பொக்ஸ் ஒண்ணு வச்சா ஏறும்," என்றார் மொதலாளி. "எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க."

"பெட்டியில டிஜிட்டல்னு போட்டிருக்கே?"

"படம் டிஜிட்டல் புள்ள. நல்லா பளிச்சின்னு இருக்கும்."

"சனல் வராத டிவியில என்னத்த பளிச்சின்னு பாக்கிறது? மொதலாளி மொகத்தையா?"

ஆஸிக் நானா தாடியைத் தடவுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் என் முழங்கையைக் கிள்ளினான். "ஒனக்கு வாய் ரொம்ப நீளம்டி. படிப்பிச்சதே தப்பு."

"தங்கச்சி," என்றார் ஆஸிக் நானா. "மேல போன வருஷத்துச் சாமான் ஒண்ணு கெடக்கு. முப்பத்திரெண்டு. அதுல டிஷ்ஷுக்கு உள்ளயே டியூனர் இருக்கு. ஹரி, கொண்டு வரவா?" சரி என்பதற்கு அவர் சிங்களத்தில் ஹரி என்பார்.

மொதலாளி அவரைப் பார்த்த பார்வையில், அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது என்பது புரிந்தது.

"அது சின்னது," என்றான் அண்ணன். "கொழும்புல இருந்து வந்து இத்துணூண்டு டிவி வாங்கிட்டுப் போனான்னு லயமே சிரிக்கும்."

"லயமா அத பாக்கப் போகுது?"

முப்பத்திரண்டு அங்குலம் தூசியோடு இறங்கி வந்தது. பெட்டியின் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. பின்னால் பார்த்தேன். இரண்டு வாய், மரையும் இருந்தது. கடைக் கூரையின் டிஷ்ஷிலிருந்து வந்த வயரை ஆஸிக் நானா காட்சிக்கு வைத்திருந்த பொக்ஸிலிருந்து திருகிக் கழற்றி, நேராக இதில் பூட்டினார். தேடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. பத்து வீதம், பூச்சியம் சனல். இருபது வீதம், பூச்சியம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மொதலாளி வேண்டுமென்றே கொட்டாவி விட்டார்.

நாற்பதில் எண்ணிக்கை ஓடத் தொடங்கியது. ஏழு, பத்தொன்பது, நாற்பத்தியிரண்டு. இந்தி, தெலுங்கு, எனக்குத் தெரியாத ஏதேதோ பாஷை, நடுநடுவே தமிழ். பொக்ஸ் இல்லை, கார்ட் இல்லை, சாள்ஸ் மாமா இல்லை. ஒரு சனலில் பூசை, ஒன்றில் பழைய படம். அம்மாவின் பஞ்சாயத்து வருகிற சனலைத் தேடினேன். இருந்தது. அப்போது கூந்தல் தைல விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அழுதிருந்தால், தைல விளம்பரத்துக்கு அழுத ஒரே பட்டதாரி நானாகத்தான் இருந்திருப்பேன். அழவில்லை. அடக்கிக்கொண்டேன்.

"நானா, இத ஒண்ணாம் நம்பருக்கு மாத்த முடியுமா? பூசைய ரெண்டுக்கு. போட்டவொடனே ஒண்ணுதான் வரணும்."

"முடியும். இங்க பாருங்க."

அவர் காட்டித் தந்தார். நான் அங்கிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து, தலையை ஒரு பக்கமாகப் போட்டு, வலது கையை மடியில் செத்த கை மாதிரி வைத்துக்கொண்டு, இடது கையால் ரிமோட்டைப் பிடித்தேன். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு எட்டியது. ஒன்றுக்கும் எட்டியது. சத்தத்தைக் கூட்டும் பொத்தானுக்கு எட்டப் பார்த்தேன், ரிமோட் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. அம்மாவின் கையிலிருந்து விழுந்தால் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் விழுந்தபடிதான் கிடக்கும்.

"இதுக்கு கயிறு போட்ட உறை ஏதாவது இருக்கா நானா? கட்டில்ல கட்டி வைக்கிற மாதிரி."

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் எடது கையால அழுத்துற?"

"அம்மா அழுத்தணுமில்ல."

"அம்மா ஏன் அழுத்தணும்? நீ இருக்கியே. நீ போட்டுக் குடுக்க மாட்டியா?"

இதற்கு மேல் மறைக்க முடியாது. "திங்கக்கெழம இருந்து நான் இருக்க மாட்டேன் அண்ணே. கொழும்புல வேல கெடைச்சிருக்கு."

அண்ணன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அந்தப் பெரிய டிவியின் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தான். அது மெதுவாக அமுங்கியது. மொதலாளி ஒரு பழைய பத்திரிகையை எடுத்து விரித்தார். ஆஸிக் நானா, ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் இருக்க வேண்டும், டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் கூந்தல் தைலத்துக்கு மேலே பேசியது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னா?"

"யாரு டிவி போட்டுக் குடுக்கிறதுன்னு கேட்டா."

அவன் தரையைப் பார்த்தான். "அதுக்குத்தான் என்னைய இழுத்துட்டு வந்தியா? ஒனக்குப் பதிலா ஒரு டிவி. அத நான் வாங்கித் தரணும்."

என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. "ஆமா," என்றேன்.

"வெக்கமா இல்ல?"

"இருக்கு."

"நான் ஓ.எல். பரீட்ச எழுதின கையோட கொழும்பு புறக்கோட்டையில மூட்ட தூக்கப் போனது எதுக்கு?"

"நான் படிக்க."

"படிச்சு? அம்மாவ அனாதையா போட்டுட்டுப் போறதுக்கா?"

"கட்டிலுக்குப் பக்கத்துல ஒக்கார்றதுக்கு கெம்பஸ் எதுக்கு அண்ணே? அதுக்கு ஓ.எல். போதும். நீயும் ஒக்காரலாம்."

அடித்திருப்பான். மொதலாளி இருந்ததால் அடிக்கவில்லை. கையை மடக்கித் தொடையில் வைத்துக்கொண்டான். பிறகு வேறு குரலில் பேசினான். "ஒரு வருஷம் பொறு. நான் அம்மாவ வத்தளைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"போன நத்தாருக்கும் இதத்தான் சொன்ன. அதுக்கு முந்தின நத்தாருக்கும் சொன்ன."

"ஒத்த ரூம்ல நாங்க மூணு பேரு கெடக்கோம். எங்க போட?"

"தெரியும். அதனாலதான் நான் ஒன்னைய ஒரு நாளும் வற்புறுத்தல."

எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. மூட்டை தூக்கித் தூக்கி அவனுடைய ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருக்கும். சின்ன வயதில் நான் அதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். அதற்காக நான் அழுகிப்போக வேண்டுமா? அம்மா அந்தக் கட்டிலில் இன்னும் பத்து வருடம் இருக்கலாம். இருக்க வேண்டும் என்றுதான் நானும் செபிக்கிறேன். சில நாளில் அந்தச் செபத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

"வயரக் கழட்டவா, இருக்கட்டுமா?" என்று கேட்டார் ஆஸிக் நானா, பொதுவாக.

அண்ணன் எழுந்தான். உட்கார்ந்திருந்த பெட்டி நசுங்கிக் கிடந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மொதலாளியைப் பார்த்தான். அவனுடைய குரல் திரும்ப வந்துவிட்டது, கடைக்குள் நுழைந்தபோது இருந்த அதே குரல்.

"மொதலாளி, அந்தப் பெரியதையே போடுங்க. பொக்ஸும் ஒண்ணு போடுங்க. கார்ட்ட நான் கொழும்புல இருந்து மாசாமாசம் போடுறேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அண்ணே, அதுக்கு ரெண்டு ரிமோட். அம்மாவால முடியாது. இப்பதான பாத்த?"

"பாத்தேன்."

"பின்ன?"

"அம்மாவால முடியாது. யாராவது பக்கத்துல இருந்து போட்டுக் குடுக்கணும்." என்னை நேராகப் பார்த்துச் சொன்னான். "அப்ப நீ போக மாட்ட."

தங்கையா மொதலாளி பத்திரிகையைத் தாழ்த்தினார். "அது சரிதானே புள்ள. அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்றாரு. பொம்பளப் புள்ள தாயோட இருக்கிறதுதான் அழகு. பெரிய டிவி, ஒனக்கும் பொழுது போகும்."

ஒரு டிவியைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நான் தேடியது நான் இல்லாமல் ஓடுகிற டிவி. அவன் தேர்ந்தெடுத்தது நான் இல்லாமல் ஓடாத டிவி. இரண்டும் இரண்டு அடி இடைவெளியில் இருந்தன. சின்னதில் இன்னும் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியது போர்வையின் மேல் முகங்குப்புறக் கிடந்தது.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அழுது, சரி என்று சொல்லி, இன்னொரு வருடம் என்று ஒத்துக்கொள்வேன் என்று காத்திருந்தான். இரண்டு வருடத்தில் நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். முதல் வேலை பலாங்கொடையில் கிடைத்தபோது செய்தேன். இரண்டாவது முறை நேர்முகத்துக்குக்கூடப் போகவில்லை. அவன் நினைத்ததில் தப்பில்லை.

ரிமோட்டை மேசையில் வைத்தேன்.

"அண்ணே, நீ எதை வாங்கினாலும் திங்கக்கெழம காலைல மொத பஸ்ல நான் போறேன். சின்னத வாங்கினா அம்மா எடது கையால ஒண்ண அழுத்துவா, யாராவது சண்ட புடிக்கிறத பாத்துத் திட்டிக்கிட்டுக் கெடப்பா. பெரியத வாங்கினாலும் நான் போறேன். அப்ப அம்மா நாப்பத்து மூணு அங்குலத்துக்கு நீலத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்பா. அஞ்சு மணி வரைக்கும். அது நான் போனதால மட்டும் இல்ல. நீ தெரிஞ்சே வாங்கிக் குடுத்ததால."

"நீ பெத்த தாய டிவியோட கட்டி வச்சுட்டுப் போறவ, எனக்கு நீ சொல்றியா?"

"ஆமா. கட்டி வச்சுட்டுத்தான் போறேன். நல்லா ஓடுற டிவியில கட்டி வைக்கலாமேன்னுதான் வந்தேன்."

மொதலாளி, "இந்தா பாருங்க, ரெண்டு பெட்டியையும் பிரிச்சாச்சு, ஏதாவது ஒண்ண..." என்று தொடங்கினார். நான் ஆஸிக் நானாவிடம் மட்டும் பேசினேன்.

"எது வந்தாலும் நீங்கதான் பூட்ட வருவீங்க. கட்டில் ஜன்னல் பக்கம் இருக்கு. அம்மாவுக்கு எடது பக்கம் மட்டுந்தான் திரும்பும். டிவிய எடது சுவத்துல வைங்க நானா."

"ஹரி தங்கச்சி," என்றார். டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒரு முறைதான். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் தோட்டத்துப் பஸ் எதிர்ப்பக்கம் புகை கக்கிக்கொண்டு நின்றது, கொண்டக்டர் படியைத் தட்டிக்கொண்டிருந்தான். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. ரோட்டைக் கடந்தேன்.